கதவு திறந்ததும் கை கால் ஓடவில்லை: ஸ்கைடைவிங் கற்கும்போது வரும் பயத்தை என்ன செய்வது?

கொங்குக்கிளி, சாண்ட்லர், அரிசோனா

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஈலாயில் ஏ.எஃப்.எஃப். படித்துக்கொண்டிருக்கிறேன், அதாவது இன்ஸ்ட்ரக்டர்கள் கூடவே குதித்து, தனியாகக் குதிக்கக் கற்றுத்தரும் பயிற்சி. ஃபீனிக்ஸுக்கும் டூசானுக்கும் நடுவே பாலைவனத்தில் இருக்கிற சின்ன ஊர். ஸ்கைடைவிங்கை விட்டால் அங்கே போக வேறு காரணம் இல்லை. முன்பு ஒரு டாண்டம் குதித்திருக்கிறேன். இன்ஸ்ட்ரக்டர் முதுகில் கட்டிக்கொண்டு குதித்தார், நான் கத்தினேன், சிரித்தேன், வீடியோ வாங்கினேன். அந்த வேகத்தில் தனியாகவே கற்றுக்கொள்ளலாம் என்று சேர்ந்துவிட்டேன். தரை வகுப்பு, தொங்கும் ஹார்னஸில் கட்அவே (கோளாறான பாரசூட்டைக் கழற்றிவிடும்) பயிற்சி, எழுத்துத் தேர்வு எல்லாம் நன்றாகவே போயின. முதல் கட்டங்களில் இரண்டு இன்ஸ்ட்ரக்டர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டே வந்தார்கள். அதுவும் சரி.

சனிக்கிழமை அடுத்த கட்டம். இதில் பாதியில் இருவரும் என்னை விட்டுவிட்டுப் பக்கத்தில் பறப்பார்கள். ஒன்பதாயிரம் அடி வரை ஒன்றும் இல்லை. அப்புறம் வாய் வறண்டது, விரல் நுனிகள் மரத்தன. ட்வின் ஆட்டர் விமானத்தின் கதவைத் திறந்ததும் அந்த இரைச்சலும் குளிரும் உள்ளே வந்தன. மாணவர்கள் மற்றவர்களைவிட அதிக உயரத்திலேயே பாரசூட்டைத் திறக்க வேண்டியிருப்பதால் மற்றவர்கள் போன பிறகுதான் எங்களை விடுவார்கள். கண் முன்னால் நான்கு பேர், அப்புறம் மூன்று பேர் என்று கும்பல் கும்பலாகக் காணாமல் போனார்கள். என் முறை வந்தபோது தலையை ஆட்டிவிட்டேன். இன்ஸ்ட்ரக்டர் மறுபேச்சு பேசவில்லை. என்னைக் கதவிலிருந்து தள்ளி முன்பக்கம் உட்கார வைத்து, முதுகுப் பக்கம் எதையோ தட்டினார். விமானத்திலேயே இறங்கி வந்தோம்.

யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை போலிருந்தது. இந்தப் பயம் போகுமா? போகவைக்க முடியுமா? ஏதாவது மாத்திரை போட்டுக்கொள்ளலாமா? அம்மாவிடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. அவரைப் பொறுத்தவரை நான் சனிக்கிழமைகளில் ஜிம்முக்குப் போகிறேன்.

பருந்து_துபாய்

முதலில் ஒரு விஷயத்தைத் தீர்த்துவிடலாம். விமானத்திலேயே இறங்கி வருவதில் வெட்கப்பட எதுவும் இல்லை. நான் பார்த்த எந்த ட்ராப்சோனிலும் (குதித்து இறங்குகிற இடம்) கதவருகே ஒருவர் வேண்டாம் என்று சொன்னால் அதோடு பேச்சு முடிந்தது. அப்புறமும் வற்புறுத்துகிற இடமாக இருந்தால் அந்த இடத்தைத்தான் விட்டுவிட வேண்டும்.

உங்கள் முதுகுப் பக்கம் அவர் தட்டியது பெரும்பாலும் ஏ.ஏ.டி. கருவியாக இருக்கும். நீங்களே பாரசூட்டைத் திறக்காமல் விட்டால் ஆயிரம் அடியை ஒட்டி ரிசர்வை, அதாவது மாற்று பாரசூட்டைத் தானாக விடுவிக்கிற கருவி. மாணவர்களுக்கான வகை நொடிக்கு 13 மீட்டர் வேகத்தில் கீழே வந்தாலே இவர் விழுந்துகொண்டிருக்கிறார் என்று முடிவு கட்டிவிடும். விமானம் வேகமாக இறங்கினாலும் அதற்கு அப்படித்தான் தெரியும். உள்ளே உட்கார்ந்திருக்கும்போது ரிசர்வ் வெடித்துத் திறந்தால், அதுவும் கதவு திறந்திருந்தால், விமானத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் ஆபத்து. அதனால்தான் அணைத்தார். கதவிலிருந்து தள்ளி உட்கார வைத்ததும் கைப்பிடிகள் எதிலும் சிக்கக் கூடாது என்பதற்காகத்தான். ஆக, வேண்டாம் என்றால் முன்கூட்டியே சொல்வது நல்லது. பாதி உடம்பு வெளியே போன பிறகு கதவு விளிம்பைப் பிடித்துத் தொங்குவதுதான் உண்மையான ஆபத்து. நீங்கள் அதைச் செய்யவில்லை.

இப்போது என் கேள்வி. உங்களுக்கு எதில் பயம்? "ஸ்கைடைவிங் பயம்" என்று யாரும் சொல்லாதீர்கள், அது பதில் இல்லை. கதவா? கையை விட்டதும் உருண்டுவிடுவோமோ என்பதா? பாரசூட் திறக்காதோ என்பதா? இறங்கும்போது காலை உடைத்துக்கொள்வோமோ என்பதா? இல்லை, இன்ஸ்ட்ரக்டர் முன்னால் சொதப்பி மறுபடியும் பணம் கட்ட வேண்டி வருமோ என்பதா? ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டிய வேலை வேறு.

சும்மா_சொல்கிறேன்

நல்லாப் படித்து, நல்ல வேலையில் இருந்துகொண்டு, நன்றாகப் பறக்கிற விமானத்திலிருந்து ஏன் குதிக்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. பயம் என்பது உடம்பு தருகிற எச்சரிக்கை. அதை "வெல்ல" வேண்டும் என்று எல்லாரும் ஏன் சொல்லித் தருகிறீர்கள்? 39 கிலோமீட்டர் உயரத்திலிருந்து குதித்த பெலிக்ஸ் பாம்கார்ட்னர் 2025 ஜூலையில் இத்தாலியில் பாராகிளைடர் விபத்தில் இறந்தார். அத்தனை அனுபவம் இருந்தவருக்கே அப்படி. நீங்கள் தலையை ஆட்டியது சரியான முடிவு. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆக்ரா_ரிட்டயர்டு, வேலூர்

கொங்குக்கிளி அம்மா, நான் ராணுவத்தில் பாரா பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். ஆக்ராவில்தான் பயிற்சி. எங்கள் குதிப்பும் உங்கள் குதிப்பும் ஒன்றல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு ஸ்டாட்டிக் லைன். பாரசூட்டின் பட்டையை விமானத்துக்குள் ஓடுகிற கம்பியில் மாட்டிவிடுவோம். வெளியே போனதும் அதுவே இழுத்துத் திறந்துவிடும். உயரமும் 1,250 அடிதான். யோசிக்க நேரமே கிடையாது. எழுந்து நில், கொக்கியை மாட்டு, முன்னால் நிற்பவனின் முதுகைச் சோதி, பச்சை விளக்கு, போ. பின்னால் வரிசையாக ஆள் நிற்கும்போது நடுவில் நின்று யோசித்தால் அத்தனை பேரும் ட்ராப்சோனைத் தாண்டிப் போய் விழ வேண்டும். அந்த வெட்கமே பாதி தள்ளிவிடும்.

உனக்கு அந்த வரிசை இல்லை. பதின்மூன்றாயிரம் அடிக்கு ஏறுகிற வரையில் கால் மணி நேரம் உட்கார்ந்து யோசிக்கலாம். அப்புறம் நீயே முடிவு செய்து, நீயே காலை எடுத்து வைக்க வேண்டும். அந்த வகையில் உன் வேலை எங்கள் வேலையைவிடக் கடினம் என்றுதான் சொல்வேன்.

முதல் குதிப்பைவிட அடுத்தடுத்த குதிப்புகளில்தான் பயம் அதிகம் என்று எங்கள் பட்டாளத்தில் எல்லாரும் சொல்வார்கள். முதல் தடவை எதற்குப் பயப்பட வேண்டும் என்றே தெரியாது. நம்ம தல தோனி 2015 ஆகஸ்டில் ஆக்ராவில் ஐந்து குதிப்பும் முடித்துத்தான் பாரா வீரர்களின் விங்ஸ் சின்னத்தை வாங்கினார். ஐந்து என்று வைத்திருப்பதே ஒன்று குதித்தவனை நம்ப முடியாது என்பதால்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

சும்மா தம்பி, பாம்கார்ட்னர் இறந்தது ஸ்கைடைவிங்கில் இல்லையே. அது மோட்டார் வைத்த பாராகிளைடர். இரண்டையும் குழப்ப வேண்டாம்.

டாக்டர்_வைகை

மாத்திரை பற்றிக் கேட்டிருந்ததால் எழுதுகிறேன். வேண்டவே வேண்டாம். பதற்றத்தைக் குறைக்கிற மாத்திரைகள் தூக்கத்தையும் மந்தத்தையும் கொண்டுவரும். 5,500 அடியில் கை தானாகப் பாரசூட் கைப்பிடிக்குப் போக வேண்டிய நேரத்தில் மூளை ஒரு நொடி தாமதித்தாலும் போச்சு. வாந்தி வராமலிருக்கப் போடும் மாத்திரைகள் பலவற்றுக்கும் இதே கதை. ஏற்கெனவே ஏதாவது மருந்து தொடர்ந்து எடுப்பவராக இருந்தால் உங்கள் மருத்துவரிடமும் இன்ஸ்ட்ரக்டரிடமும் சொல்லியாக வேண்டும். மூக்கடைப்போடும் போகாதீர்கள், இறங்கும்போது காது வலி உயிரை வாங்கிவிடும்.

விரல் நுனி மரத்தது பயத்தால் மட்டும் இல்லை. பதின்மூன்றாயிரம் அடியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பத்தில் ஆறு பங்குதான். அதனால் மூச்சு கொஞ்சம் வேகமாகத்தான் ஓடும். அதன்மேல் பதற்றமும் சேர்ந்தால் தேவைக்கு மேல் மூச்சு வாங்கி, ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடும். விரல், உதடு எல்லாம் மரக்கும், தலை லேசாகும். "ஐயோ, எனக்கு ஏதோ ஆகிறது" என்று நினைத்து இன்னும் வேகமாக மூச்சு விடுவார்கள். இழுப்பதைப் பற்றிக் கவலைப்படாமல், விடும் மூச்சை மட்டும் நீளமாக, உதட்டைக் குவித்து விடுங்கள். ஒன்பதாயிரம் அடியில் தொடங்காதீர்கள், இருக்கை பெல்ட்டைக் கழற்றியதுமே தொடங்குங்கள்.

இன்னொன்று. 1967இல் பென்ஸ், எப்ஸ்டீன் என்ற இரண்டு உளவியலாளர்கள் பாரசூட் குதிப்பவர்களின் இதயத் துடிப்பு, மூச்சு, தோலின் வியர்வை மாற்றம் எல்லாவற்றையும் குதிக்கிற நாளில் படிப்படியாக அளந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். புதியவர்களுக்குப் படபடப்பு ஏறிக்கொண்டே போய், குதிக்கிற நேரத்தில் உச்சத்தில் இருந்தது. அனுபவசாலிகளுக்கும் ஏறத்தான் செய்தது. ஆனால் உச்சம் முன்பே வந்துவிட்டு, கதவை நெருங்கும்போது இறங்கத் தொடங்கியிருந்தது. அவர்களுக்குப் பயம் இல்லாமல் போகவில்லை, பயப்படும் நேரம் மாறியிருந்தது. எனக்கு இந்த ஆய்வில் பிடித்ததே அதுதான். நீங்கள் கேட்ட "போகுமா" என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

கொங்குக்கிளி

எல்லாருக்கும் நன்றி. ரிட்டயர்டு ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்துக் கொஞ்சம் அழுதுவிட்டேன், பரவாயில்லை.

பருந்து அண்ணா, எதில் பயம் என்று இரண்டு நாளாக யோசித்துப் பார்த்தேன். பாரசூட் திறக்காதோ என்பது இல்லை, கொஞ்சம் ஆச்சரியம்தான். உயரமும் இல்லை. விமானத்தை விட்டு வெளியே போன பிறகு நிஜமாகவே பிடித்திருக்கிறது. விட்டதும் உருண்டுவிடுவேனோ என்பது ஒன்று. ஆனால் பெரியது அந்தக் காத்திருப்பு. கதவு திறந்ததிலிருந்து என் முறை வரும் வரை. மற்றவர்கள் மறைவதைப் பார்ப்பதுதான் என்னை என்னவோ செய்கிறது.

பருந்து_துபாய்

இப்போது பேசலாம்.

விமானத்தை விட்டதும் வயிறு மேலே எழும்பும் என்று டாண்டம் குதிக்காதவர்கள் நினைப்பார்கள். விமானம் ஏற்கெனவே மணிக்கு 150 கிலோமீட்டர் போலப் போய்க்கொண்டிருப்பதால் அந்தக் காற்றின் மேல்தான் நாம் படுக்கிறோம். பத்துப் பன்னிரண்டு நொடியில் 190 கிலோமீட்டர் வேகம் வந்துவிடும், அதற்கு மேல் ஏறாது. அந்த ஒரு நிமிடம் உங்களுக்குத் தெரிந்த இடம், பயமும் அங்கே இல்லை. சரி, அதை விட்டுவிடுவோம்.

கதவுக் காத்திருப்புக்கு வருவோம். அந்த நேரத்தில் உங்கள் கைக்கும் கண்ணுக்கும் வேலை இல்லை. சும்மா இருக்கிற கண் போகக் கூடாத இடத்துக்குப் போகிறது. ஆகவே வேலை கொடுங்கள். நான் மாணவர்களிடம் சொல்வது:

ஆயிரம் அடிக்கு ஒரு தடவை ஆல்டிமீட்டரை (உயரம் காட்டும் கருவி) பார்த்து, எண்ணை வாய்விட்டுச் சொல்லுங்கள். மனதுக்குள் சொன்னால் கணக்கில் வராது. ஆறாயிரத்தில் ஒரு தடவை கண்ணை மூடி முழுக் குதிப்பையும் உண்மையான நேரத்தில் ஓட்டிப் பாருங்கள். உட்கார்ந்த இடத்திலேயே கையையும் அசைக்கலாம், யாரும் சிரிக்க மாட்டார்கள், எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். பத்தாயிரத்தில் கைப்பிடிகளைத் தொட்டுப் பார்க்க வேண்டும். மெயின் கைப்பிடி, வலது மார்பில் சிவப்புக் கட்அவே, இடது மார்பில் ரிசர்வ். இன்ஸ்ட்ரக்டர் எப்படியும் சோதிப்பார், அதற்கு முன் நீங்கள் சோதித்திருக்க வேண்டும். கதவு திறந்த பிறகு மற்றவர்களைப் பார்க்காதீர்கள். இன்ஸ்ட்ரக்டரின் முகத்தைப் பாருங்கள். அவர் கழுத்துப் பட்டையில் ஒரு தையலைப் பிடித்து வைத்துக்கொண்டு அதையே பார்த்தாலும் சரி.

கதவருகே வந்ததும் எக்ஸிட் எண்ணிக்கை. உள்ளே இருப்பவரைப் பார்த்து "செக் இன்", அவர் தலையாட்டல். வெளியே தொங்குபவரைப் பார்த்து "செக் அவுட்", அவர் தலையாட்டல். அப்புறம் மேலே, கீழே, ஆர்ச். கத்திச் சொல்லுங்கள். கத்தினால் மூச்சு விட்டே ஆக வேண்டும், மூச்சை அடக்கிக்கொண்டால் உடம்பு பலகை மாதிரி விறைத்துக்கொள்ளும், விறைத்த உடம்புதான் காற்றில் தடுமாறும். உங்கள் இரண்டாவது பயத்துக்கும் மருந்து இதுவே. இடுப்பை முன்னால் தள்ளி முதுகை வளைத்தால் வயிற்றுப் பக்கம் தானாகக் கீழே திரும்பும், நீங்கள் வேறெதுவும் செய்ய வேண்டாம். உருண்டாலும் ஆர்ச். விட்ட பிறகும் அவர்கள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருப்பார்கள். இரண்டு விரலைக் காட்டினால் காலை நீட்டு, ஆள்காட்டி விரலை நீட்டினால் பாரசூட்டைத் திற.

ஒன்றை மட்டும் சனிக்கிழமைக்கு முன் செய்யுங்கள். இங்கே எங்களிடம் சொன்னதை அப்படியே உங்கள் இன்ஸ்ட்ரக்டரிடம் தரையிலேயே சொல்லுங்கள். பயமாக இருக்கிறது என்று பொதுவாகச் சொன்னால் அவருக்கு உதவாது. "மற்றவர்கள் போவதைப் பார்க்கும்போதுதான் நடுங்குகிறேன்" என்றால் உட்காரும் இடத்தையே மாற்றிவிடுவார்.

யாழ்_ரொறன்ரோ

நான் கனடாவில் படித்தவன். இங்கே ஏ.எஃப்.எஃப். என்று சொல்லமாட்டினம், பி.எஃப்.எஃப்., விஷயம் ஒன்றுதான்.

பருந்து சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேணும். உருண்டுவிடுவேனோ என்ற பயத்துக்கு விண்ட் டனல் நல்ல மருந்து, கீழேயிருந்து அடிக்கிற காற்றில் மிதந்து பழகுகிற இடம். அரிசோனாவில் ஸ்கொட்ஸ்டேலில் ஐஃப்ளை என்ற டனல் இருக்குத்தானே, உங்கட வீட்டிலிருந்து தூரமில்லை. விமானத்திலிருந்து ஒரு நிமிடம் விழுகிற நேரத்தில் என்ன படிக்கலாம்? டனலில் பத்து நிமிடம் பறந்தால் பத்துக் குதிப்பின் நேரம். ஆர்ச் உடம்பில் ஊறிவிடும்.

எனக்குப் பயம் வேறு இடத்தில் இருந்தது. விழுகிறது பிரச்சினை இல்லை, கதவு பிரச்சினை இல்லை. பாரசூட் விரிந்த பிறகுதான். திடீரென்று அந்த அமைதி, கீழே சோளக்காடு, நான் தனியே. ரேடியோவில் ஆள் கதைத்துக்கொண்டு இருந்தாலும் கைகள் என்னுடையவை. ஆயிரம் அடியில் காற்றோடு, அறுநூறில் குறுக்கே, முந்நூறில் காற்றுக்கு எதிரே திரும்ப வேணும் என்று படித்தது எல்லாம் மறந்துபோகும். ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு உயரத்தில் பிளேர் செய்ய வேணும், அதாவது இரண்டு பிரேக்கையும் இழுத்து வேகத்தைக் குறைக்க வேணும், நான் அதைவிட மேலேயே இழுத்துவிட்டு நிலத்தில் தொப்பென்று விழுவேன். ஒரு வாரம் முழங்கால் நோவும். நன்றாக விரிந்த பாரசூட்டின் கீழேயே நிறையப் பேர் காயப்படுகினம், ஆனபடியால் இந்தப் பயம் நியாயமான பயம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறன். ஒரு நாள் முழுக்க ட்ராப்சோன் புல்லில் கதிரை போட்டு இருந்து மற்றவர்கள் இறங்குகிறதை மட்டும் பார்த்தேன். யார் எப்போது கையை இழுக்கினம், அதன் பிறகு என்ன நடக்குது என்று. அதுக்குப் பிறகு கண் பழகிவிட்டது.

கொங்குக்கிளிக்கு இது இப்போது இல்லை என்றாலும், கதவுப் பயம் போன பிறகு அடுத்தது வந்து நிற்கும். பயந்துவிட வேண்டாம், அது ஒழுங்கான முறை.

பருந்து_துபாய்

யாழ், டனல் விஷயத்தில் நான் முழுசாக ஒத்துக்கொள்ள மாட்டேன். நிலை தடுமாறுகிற மாணவருக்குச் சரி, செலவழித்த பணம் திரும்பி வரும். கதவுப் பயம் உள்ளவருக்கு டனலில் கதவே இல்லை. அங்கே நன்றாகப் பறந்துவிட்டு வந்து விமானத்தில் பழையபடி நடுங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். "இவ்வளவு நன்றாகப் பறக்கிறேன், அப்புறமும் ஏன்" என்று இன்னும் சோர்ந்துபோவார்கள். அந்தப் பணத்துக்கு அடுத்த வாரமே இன்னொரு குதிப்பு என்பேன். இடைவெளி விடுவதுதான் கெடுதல். முப்பது நாளுக்கு மேல் குதிக்காத மாணவரை மறுபடி பயிற்சியைச் சரிபார்க்காமல் விட மாட்டார்கள். கைகால் மறந்துபோவதைவிட, அந்த நாட்களில் தலைக்குள் பயம் வட்டி போட்டுக்கொண்டே இருக்கும்.

யாழ்_ரொறன்ரோ

அவவுக்கு இரண்டு பயமும் இருக்கு என்று அவவே எழுதியிருக்கிறா. ஒன்றைக் குறைத்தால் மற்றதைத் தாங்க இடம் வரும். ஒரு பதினைந்து நிமிட டனல் ஒருவரையும் கெடுக்காது. சரி, அவவே முடிவு செய்யட்டும்.

சும்மா_சொல்கிறேன்

பாம்கார்ட்னர் விஷயத்தில் ரிட்டயர்டு ஐயா சொன்னது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஆபத்து உண்மையிலேயே எவ்வளவு? அது தெரியாமல் பயம் நியாயமா இல்லையா என்று எப்படிச் சொல்வது?

பருந்து_துபாய்

நியாயமான கேள்வி. அமெரிக்க பாரசூட் சங்கமான யு.எஸ்.பி.ஏ. ஆண்டுதோறும் கணக்கு வெளியிடுகிறது. 2023இல் அந்த நாட்டில் சுமார் 36.5 லட்சம் குதிப்புகள், 10 மரணங்கள். 1970களில் ஆண்டுக்குச் சராசரியாக 40 பேருக்கு மேல் இறந்துகொண்டிருந்தார்கள். இடையில் வந்தவை சதுர வடிவ பாரசூட், பில் பூத் கண்டுபிடித்த மூன்று வளையக் கட்அவே, 1991இல் ஜெர்மனியிலிருந்து வந்த சைப்ரஸ் ஏ.ஏ.டி., ஒழுங்கான பாடத்திட்டம்.

ஆனால் இந்தச் சராசரியைக் காட்டி மாணவரிடம் "பயப்படாதே" என்று சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கதவருகே நிற்பவருக்கு 36 லட்சம் எதற்கு? அவருக்குத் தெரிய வேண்டியது தன் முதுகில் இருப்பது என்ன என்பதுதான். கொங்குக்கிளி, ஒரு நாள் பேக்கிங் அறைக்குப் போய் உட்காருங்கள். ரிசர்வை எஃப்.ஏ.ஏ. (அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம்) உரிமம் பெற்ற ரிக்கர்தான் (பாரசூட் மடிக்கும் நிபுணர்) மடிக்கலாம், பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் 180 நாளுக்கு ஒரு முறை அவிழ்த்துப் பார்த்துத் திரும்ப மடிக்க வேண்டும். அந்த அட்டையில் தேதியும் கையெழுத்தும் இருக்கும், நீங்கள் முதுகில் மாட்டுகிற ரிக்கிலேயே பார்க்கலாம். மூன்று வளையத்தை ஒரு தடவை கையால் கழற்றி மாட்டிப் பாருங்கள். பெரிய வளையத்தில் உங்கள் முழு எடையும் தொங்குகிறது, கடைசியில் ஒரு சின்ன நூல் வளையமும் ஒரு மெல்லிய கம்பியும் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஒவ்வொரு வளையமும் சுமையைக் குறைத்துக்கொண்டே வருவதால் ஒரு கையாலேயே இழுத்துவிடலாம். இதைக் கையில் தொட்டுப் பார்த்த மாணவர் கட்அவே பயிற்சியை வேறு மாதிரி செய்கிறார்.

டாக்டர்_வைகை

பாம்கார்ட்னர் பெயர் வந்ததால் ஒன்று. 2012 அக்டோபர் 14 அன்று நியூ மெக்சிகோவில் அவர் அந்தக் குதிப்பைக் குதிப்பதற்கு முன், அந்தத் திட்டத்தையே விட்டுவிட்டு ஊருக்கு விமானம் ஏறியிருந்தார். உயரத்துக்குப் பயந்து இல்லை. அந்த அழுத்த உடைக்குள், முகமூடியை மூடிக்கொண்டு மணிக்கணக்காக இருக்க முடியவில்லை. மைக்கேல் ஜெர்வே என்ற விளையாட்டு உளவியலாளரோடு சேர்ந்து, உடைக்குள் இருக்கும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டித்தான் திரும்பி வந்தார். பருந்து முதலில் கேட்ட கேள்வி இதுதானே, எதில் பயம்? அவரிடம் உயரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது.

சும்மா சொல்கிறேன் அவர்கள் கேட்டதையும் தள்ளிவிட முடியாது. சில நேரம் பயம் சரியான தகவலாகவும் இருக்கும். காற்று அதிகமாக இருக்கிறது, இன்று உடம்பு சரியில்லை, நேற்றுத் தூங்கவில்லை, வகுப்பில் சொன்னது புரியாமல் தலையாட்டிவிட்டேன் என்றெல்லாம் இருந்தால் அந்தப் பயத்தைக் கேட்டு இறங்கிவிடத்தான் வேண்டும்.

ஆக்ரா_ரிட்டயர்டு, வேலூர்

டாக்டர் சொன்னது சரி. ஷீத்தல் மஹாஜன் என்று புனேயைச் சேர்ந்தவர், பத்மஸ்ரீ வாங்கியவர். 2004இல் வாழ்க்கையின் முதல் குதிப்பையே வட துருவத்தில் குதித்தார். 2018இல் பட்டாயாவில் ஒன்பது கெஜம் சேலை கட்டிக்கொண்டு குதித்தார். சிலருக்கு அப்படி வாய்க்கிறது. அவர்களைப் பார்த்து நாம் ஏன் இப்படி இருக்கிறோம் என்று நினைக்க ஆரம்பித்தால் அதுவும் கெடுதல்தான்.

சேலையைப் பட்டைகளுக்குள் எப்படி அடக்கிக் கட்டினார் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை. முந்தானை கைப்பிடியில் மாட்டினால் கதை கந்தல்.

கொங்குக்கிளி

வேலை முடிந்து ட்ராப்சோனுக்குப் போய் இன்ஸ்ட்ரக்டரிடம் பேசிவிட்டு வந்தேன். பருந்து அண்ணா சொன்ன மாதிரியே, எது பயம் என்று வரிவரியாகச் சொன்னேன். அவர் உடனே கேட்டது, "நீ எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாய்?" என்றுதான். அடுத்த தடவை பெஞ்சில் அவருக்கு எதிர்முகமாக, கதவுக்கு முதுகு காட்டி உட்கார வைக்கிறாராம். மற்றவர்கள் போகும் நேரத்தில் என்னிடம் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பாராம். ஆல்டிமீட்டர் என்ன, கை காட்டினால் என்ன அர்த்தம், பாரசூட்டைத் திறக்கும் முன் எந்த உயரத்தில் கையை அசைப்பாய் என்று. ஒரு கேள்விக்கும் பதில் வராவிட்டால் அவரே கூட்டிக்கொண்டு இறங்கிவிடுவார், நான் தலையை ஆட்ட வேண்டியதுகூட இல்லை. அது எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்லத் தெரியவில்லை.

தரையில் படுத்துக்கொண்டு ஆர்ச்சும் செய்தோம். என் இடுப்பு சரி, காலைத்தான் மடக்கிக்கொள்கிறேனாம். அதனால்தான் பின்னால் வழுக்கிப் போகிறேன் என்றார். ஆக, யாழ் அண்ணா, டனலில் பதினைந்து நிமிடம் போட்டிருக்கிறேன். பருந்து அண்ணா கோபித்துக்கொள்ளக் கூடாது.

பேக்கிங் அறையில் மூன்று வளையத்தையும் கழற்றிப் பார்த்தேன். நிஜமாகவே ஒரு விரலால் வந்துவிட்டது!

ஒரு கேள்வி பாக்கி. எனக்குக் கண்ணாடி. முதல் தடவைகளில் லென்ஸ் போட்டுக்கொண்டு போனேன், பாலைவனத் தூசியில் கண் எரிகிறது. கண்ணாடியோடு குதிக்கலாமா?

பருந்து_துபாய்

கோபம் எல்லாம் இல்லை, காலை மடக்குகிறீர்கள் என்றால் டனல் சரிதான்.

கண்ணாடியோடு தாராளமாகக் குதிக்கலாம். கண்ணாடிக்கு மேல் போடுகிற பெரிய காகிள்ஸ் ட்ராப்சோனிலேயே இருக்கும், கேளுங்கள். கண்ணாடிக் காம்புகளைப் பின்னால் இறுக்கிப் பிடிக்கிற பட்டை ஒன்றும் போட்டுக்கொள்ளுங்கள். காகிள்ஸை விமானம் ஏறும் முன்பே இறுக்கிப் பாருங்கள், தலையைக் கீழே கவிழ்த்து ஆட்டினாலும் காற்று புகும் இடைவெளி இருக்கக் கூடாது. ரொம்ப நேரம் முன்பே போட்டுக்கொண்டால் உள்ளே ஆவி படியும். ஆகவே மேலே ஏறும் வரை நெற்றியில் வைத்துக்கொண்டு, பத்தாயிரம் அடியில் கைப்பிடிகளைச் சோதிக்கும்போது இறக்கிவிடுங்கள்.

யாழ்_ரொறன்ரோ

ஹெல்மெட்டுக்கு உள்ளேயா வெளியேயா காகிள்ஸ் பட்டை என்றும் கேட்டுக்கொள்ளுங்கோ. எங்கட இடத்தில் உள்ளே போடச் சொல்லுவினம். சனிக்கிழமை உங்களுக்குக் காற்று எப்படி இருக்கு?

கொங்குக்கிளி

காலையில் காற்று குறைவு என்று போட்டிருக்கிறது, மதியத்துக்கு மேல் கூடுமாம். அதனால் முதல் லோடிலேயே (முதலில் கிளம்பும் விமானத்தில்) பெயர் கொடுத்திருக்கிறேன். பட்டை உள்ளேதான் என்றார்கள்.